கருவியை இரவல் தந்தால் நூலை இரவல் தந்ததாகாது

பல்கலைக்கழக நூலகத்தை நவீனமாக்குவது பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் ஒரு யோசனை தவறாமல் வருகிறது. மின்னூல் வாசிப்பான்களை மொத்தமாக வாங்குங்கள், ஒவ்வொன்றிலும் சில நூறு நூல்களை ஏற்றுங்கள், அச்சு நூலைப் போலவே இரண்டு வாரத்துக்கு இரவல் கொடுங்கள் என்கிறார்கள். துணைவேந்தர்கள் இதை விரும்புகிறார்கள். ஆண்டறிக்கையில் படத்தோடு போடலாம். தயங்கும் நூலகருக்குக் காலம் தெரியாதவர் என்ற பெயர் கிடைக்கிறது. இந்த யோசனை தவறு என்பதும், நூலகம் எதற்காக இருக்கிறதோ அதையே இது அரிக்கிறது என்பதும் என் வாதம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். மின்மைத் (இ-இங்க்) திரை கண்ணைக் கூசவைக்காது, வெயிலிலும் படிக்கலாம். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் வரும். பைநிறையப் பாடநூல் சுமக்கும் மாணவி, உள்ளங்கை அளவு கருவியோடு பேருந்தில் ஏறலாம். பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். வாசகர் கேட்ட நூலை நிமிடத்தில் வாங்கித் தரலாம். அலமாரி வேண்டாம், பைண்டிங் வேண்டாம், கரையான் பயம் இல்லை. சொந்தமாக வாங்க வசதியில்லாத மாணவருக்கு நூலகம் கருவி தருவது சமநீதியும் ஆகும். இது ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்டதும்கூட. 2008-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக நூலகம் அமேசானின் கிண்டில் வாசிப்பான்களை இரவல் தந்தது. அதே ஆண்டு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக நூலகம் சோனியின் ரீடர் கருவிகளைச் சோதனைக்கு எடுத்தது. 2009-இல் பிரின்ஸ்டன், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், ரீட் கல்லூரி, வாஷிங்டன் பல்கலைக்கழகம் உள்ளிட்டவை கிண்டில் டிஎக்ஸ் கருவியை வகுப்பு மாணவர்களிடம் தந்து பார்த்தன.

இந்த நன்மைகள் எல்லாம் உண்மை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை, தனி வாசகர் ஒருவர் தமக்கென்று கருவி வாங்குவதற்கான காரணங்கள். பொதுப்பணத்தில், ஆயிரக்கணக்கான வாசகருக்காக, தலைமுறை தாண்டிச் சேகரிக்கும் ஒரு நிறுவனம் வாங்குவதற்குக் காரணம் தனியாகக் காட்டப்பட வேண்டும். அது காட்டப்படவில்லை. என் மறுப்புகள் ஆறு.

1. தன்னுடையதாக இல்லாததை நூலகம் எப்படி இரவல் தரும்?

அச்சு நூலுக்குக் காசு கொடுத்த மறுநிமிடம் அந்தப் படியின்மீது பதிப்பாளருக்கு இருந்த பிடி போய்விடுகிறது. 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாப்ஸ்-மெரில் வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. இந்த விலைக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று நூலுக்குள்ளேயே அச்சிட்டு வைத்த பதிப்பாளருக்கு, விற்றுப்போன படியைக் கட்டுப்படுத்தும் உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும், ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட படிகளைப் பதிப்பாளரின் வெளியீட்டு உரிமைக்கு வெளியே வைத்திருக்கிறது. இந்த உரிமையை நம்பித்தான் பல நாடுகளில் நூலகங்கள் இரவல் தருகின்றன.

கிண்டில் கடையில் வாங்கும் நூலுக்கு இந்த உரிமை கிடையாது. அங்கே காசு கொடுப்பவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே. அந்த உரிமத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ பிறருக்கு மாற்றித்தரவோ கூடாது என்று ஒப்பந்தம் தடுக்கிறது. விளைவு என்ன என்பதற்கு 2009-இலேயே சாட்சி உண்டு. யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழக நூலகம் அவ்வாண்டு தன் கிண்டில் இரவல் திட்டத்தை நிறுத்திவைத்தது. அமேசானிடமிருந்து எழுத்து வடிவில் அனுமதி இல்லாததுதான் காரணம். காசு கொடுத்து வாங்கியதை வாசகரிடம் தர, விற்ற கடையிடமே அனுமதி கேட்டு ஒரு பல்கலைக்கழக நூலகம் காத்து நின்றது.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் ஆபத்தா? இல்லை. 2009 ஜூலையில், முறையான உரிமை இல்லாத பதிப்பாளர் ஒருவர் விற்றார் என்பதற்காக, ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். மன்னிப்பு நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். வாசகர் கையில் இருக்கும் நூலை எங்கிருந்தோ அழிக்க முடியும் என்ற உண்மை அதனால் மாறிவிடவில்லை. திருட்டுப் பதிப்பான அச்சு நூல் ஒன்று நூலகத்தில் இருப்பதாகத் தெரிந்தாலும், கடைக்காரர் இரவில் உள்ளே வந்து அலமாரியிலிருந்து உருவிக்கொண்டு போக முடியாது. அந்தக் காப்பைத்தான் கைவிடும்படி நம்மைக் கேட்கிறார்கள்.

2. இருநூறு நூல்களை ஒருவர் பையில் பூட்டிவைப்பது சேவையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கருவியில் 200 நூல்கள் இருக்கின்றன. பொருளியல் மாணவி ஒருத்தி அவற்றில் ஒன்றைப் படிக்கக் கருவியை எடுத்துப்போகிறாள். மீதி 199 நூல்களும் அவளோடு விடுதி அறைக்குப் போய்விடுகின்றன. அவற்றுள் ஒரு தாவரவியல் நூலுக்காகக் காத்திருப்பவன் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதே 200 நூல்கள் அச்சில் அலமாரியில் இருந்தால் ஒரே நாளில் 200 பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப்போயிருக்கலாம். நூல்களைத் தனித்தனியே எடுத்துத் தர முடிவதில்தான் நூலகத்தின் பயன் இருக்கிறது. அவற்றை ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் அந்தப் பயன் அழிகிறது.

ஒரு நூலைப் பல கருவிகளில் ஏற்றலாமே என்று பதில் வரும். ஏற்றலாம். ஒரே கணக்கில் இணைந்த கருவிகளில், பொதுவாக ஆறு வரை ஒரே நூலை ஏற்றக் கிண்டில் கடை விடுகிறது. இந்தச் சலுகையை வைத்துத்தான் பல நூலகங்கள் திட்டம் போட்டன. ஆனால் அந்தச் சலுகை ஒரு குடும்பம் தன் கருவிகளில் படித்துக்கொள்வதற்காகத் தரப்படுவது. அதன்மேல் ஒரு பல்கலைக்கழகத்தின் இரவல் முறையைக் கட்டுவது மணலில் கட்டுவது. அப்படியே கட்டினாலும் 20 கருவி வாங்கிய நூலகத்தில் ஒரே நேரத்தில் படிக்கக்கூடியவர்கள் 20 பேர்தான். எத்தனை நூல் ஏற்றினாலும் இந்த எண் உயராது.

செலவு மிச்சம் என்பவர்கள் இரவல் பிரிவில் அரைமணி நேரம் நின்று பார்க்கட்டும். கருவி திரும்பி வருகிறது. ஊழியர் திரையில் கீறல் உண்டா என்று பார்க்கிறார், சார்ஜர் கம்பி வந்திருக்கிறதா என்று எண்ணுகிறார், முந்தைய வாசகர் கோடிட்ட வரிகளையும் எழுதிய குறிப்புகளையும் அழிக்கிறார், அவர் தம் சொந்தக் கணக்கை அதில் இணைத்துவிட்டாரா என்று பார்க்கிறார், நூலகக் கணக்கில் அவர் எதையும் வாங்கிவிடவில்லை என்று உறுதி செய்கிறார், பட்டியலில் உள்ள நூல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒப்பிடுகிறார், சார்ஜில் போடுகிறார். அச்சு நூலுக்கு ஒரு முத்திரை போதும். ஊழியர் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும் நூலகங்களில் இந்த வேலையை யார் செய்வது என்ற கேள்விக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் பதில் இருப்பதில்லை.

3. மாணவர்கள் கேட்கிறார்கள் என்பது உண்மையா?

முதல் வாரம் கேட்பார்கள். ஆய்வுப் படிப்புக்கு அது உதவியதா என்பதே நாம் கேட்க வேண்டியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதுநிலை மாணவர் 39 பேரிடம் கிண்டில் டிஎக்ஸ் தந்து ஆய்வு நடத்தினார்கள். ஏழு மாதங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் படிப்புக்காக அதை வழக்கமாகப் பயன்படுத்துவதை விட்டுவிட்டார்கள். வர்ஜீனியாவின் டார்டன் வணிகப் பள்ளியிலும் முடிவு இதுவே. சொந்த வாசிப்புக்கு நல்ல கருவி என்று சொன்ன அதே மாணவர்களில் பெரும்பான்மையோர், அடுத்து வரும் மாணவருக்கு வகுப்புக் கருவியாக அதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறோம். ஆய்வு நூலை அப்படிப் படிப்பதில்லை. பொருளடைவிலிருந்து நடுவுக்குத் தாவுகிறோம், அடிக்குறிப்புக்குப் போய்த் திரும்புகிறோம், இரண்டு நூல்களை அருகருகே விரித்து ஒப்பிடுகிறோம், ஓரத்தில் எழுதுகிறோம். இந்த வேலைக்கு மின்மைத் திரை மெதுவானது. இரண்டு பத்தியாக அச்சான ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றின் பிடிஎஃப் கோப்பை ஆறங்குலத் திரையில் திறந்து பாருங்கள். முழுப்பக்கமும் தெரியும்போது எழுத்து எறும்பளவில் இருக்கும். பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இழுத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

அவை பழைய கருவிகள், இப்போது மேம்பட்டுவிட்டன என்பார்கள். திரை மேம்பட்டிருக்கிறது, உண்மைதான். தமிழ் மாணவர் படிக்க வேண்டிய கோப்பு மேம்பட்டிருக்கிறதா? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் அரிய பழைய நூல்கள் பக்கங்களைப் படமெடுத்த பிடிஎஃப் கோப்புகள். ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்காவிலும் படமாக ஏற்றப்பட்ட பக்கங்கள் ஏராளம். படத்தில் உள்ள எழுத்தைப் பெரிதாக்கி வரியை மடக்கப் பெரும்பாலான வாசிப்பான்களால் முடியாது, தேட முடியாது, உரக்கப் படிக்க வைக்க முடியாது. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளோ கருவியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகக் கொட்டும். கிண்டில் கடையே 2016 இறுதியில்தான் தமிழ் நூல்களை முறையாக விற்கத் தொடங்கியது. அங்கே நாவல் கிடைக்கும். தமிழில் ஒரு பொறியியல் பாடநூலோ கல்வெட்டுத் தொகுதியோ வேண்டுமென்றால் என்ன செய்வது? உள்ளடக்கம் ஆயத்தமாகாத மொழியில் கருவியை முதலில் வாங்குவது காசை வீணாக்குவதே.

4. பார்வையற்ற மாணவருக்கு இந்தத் திட்டம் என்ன சொல்கிறது?

கிண்டில் டிஎக்ஸ் நூலை உரக்கப் படித்துக் காட்டும். ஆனால் அந்த வசதியை இயக்க வேண்டிய பட்டியல் பேசாது. நூலைத் தேர்ந்தெடுக்கவும், பக்கத்துக்குப் போகவும், வாசிப்பைத் தொடங்கவும் திரையைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். கண் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து தொடங்கிவைத்தால்தான் கண் தெரியாதவருக்குக் கருவி பேசும். 2009 ஜூனில் அமெரிக்கப் பார்வையற்றோர் அமைப்புகள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தன. 2010 ஜனவரியில் அது சமரசத்தில் முடிந்தது. சோதனையில் பங்கேற்ற வேறு சில கல்வி நிறுவனங்களும், பார்வையற்றவர்கள் முழுமையாகப் பயன்படுத்த முடிகிறவரை இத்தகைய கருவியை வகுப்பில் கட்டாயமாக்குவதில்லை என்று அமெரிக்க அரசின் நீதித்துறையிடம் ஒப்புக்கொண்டன. அவ்வாண்டு ஜூனில் நீதித்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து எல்லாக் கல்லூரித் தலைவர்களுக்கும் இதையே வலியுறுத்தி மடல் எழுதின.

இங்கே சட்டம் இல்லையா? இருக்கிறது. பார்வையற்றோருக்கு நூல்கள் எளிதில் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் நூலைப் படியெடுக்க அனுமதிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. பூட்டுப்போட்ட மின்னூலைக் கடைக்காரர் கருவியில் வாங்கும் நூலகம், சட்டம் தனக்குத் தந்த இந்த உரிமையைத் தானே பயன்படுத்த முடியாமல் செய்துகொள்கிறது. நூலகத்தில் ஏற்கெனவே படியில் ஏற முடியாதவருக்கும் அச்சைப் படிக்க முடியாதவருக்கும் தடைகள் உண்டு. புதிதாகப் பணம் செலவழித்து இன்னொரு தடையை வாங்க யாருக்கும் உரிமை இல்லை.

5. வாசகர் என்ன படிக்கிறார் என்று யாருக்குத் தெரியவேண்டும்?

யாருக்கும் தெரியவேண்டியதில்லை. எந்த நூல் யாரிடம் போயிருக்கிறது என்பதுகூட, அது திரும்பி வந்ததும் நூலகம் மறந்துவிட வேண்டிய செய்தி. வலையில் இணைந்த வாசிப்பானோ, எந்த நூலில் எந்தப் பக்கம்வரை படித்தார், எந்த வரியைக் கோடிட்டார் என்பதைக் கடையின் கணினிக்கு அனுப்புகிறது. நூலகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் அடோபியின் வாசிப்பு மென்பொருள், வாசகர் பக்கம் புரட்டிய விவரங்களை மறையாக்கம்கூட இல்லாமல் அனுப்பியது 2014-இல் வெளிப்பட்டது. மனநோயைப் பற்றியோ மதமாற்றத்தைப் பற்றியோ அரசுக்குப் பிடிக்காத அரசியலைப் பற்றியோ படிக்கும் மாணவர், தன்னை யாரும் கவனிக்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் நூலகத்துக்கு வருகிறார். அந்த நம்பிக்கையை விற்க நூலகத்துக்கு அதிகாரம் இல்லை.

6. காலத்தோடு ஓடாவிட்டால் பின்தங்கிவிடுவோமா?

ஓடியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்ப்போம். பென்சில்வேனியா நூலகம் நம்பிய சோனி, 2014-இல் வட அமெரிக்காவில் தன் மின்னூல் கடையையே மூடியது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்களும் சேர்ந்தே மறைந்தன. கிண்டில் டிஎக்ஸ் 489 டாலருக்கு விற்ற கருவி. அதில் வைஃபை கிடையாது. செல்பேசி வலையமைப்பு வழியாகவே நூல் இறங்கும். அமெரிக்காவில் 3ஜி சேவை மூடப்பட்டபோது அந்த வழி அடைபட்டது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி கம்பி வழியாக ஏற்றும் வழியை 2025 பிப்ரவரி 26-இல் அமேசான் நிறுத்தியது. ஆனால் பூட்டில்லாத ஒரு கோப்பை அந்தப் பழைய கருவியில் இன்றைக்கும் கம்பி வழியாக ஏற்றிப் படிக்கலாம். கோப்பு யாருடையதோ அவர்களுக்கே நூல் மிஞ்சுகிறது.

மறுத்தவர்கள் பின்தங்கினார்களா? 2009 நவம்பரில் விஸ்கான்சின்-மேடிசன், சிராக்யூஸ் ஆகிய பல்கலைக்கழகங்கள், பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடிகிறவரை கிண்டில் டிஎக்ஸைப் பரவலாக வாங்க மாட்டோம் என்று அறிவித்தன. அடுத்த மாதமே பேசும் பட்டியல்களைக் கொண்டுவருவதாக அமேசான் அறிவித்தது; 2010-இல் வந்த கிண்டிலில் அந்த வசதி இருந்தது. வழக்கும் மறுப்பும் சேர்ந்து செய்த வேலை அது. அழுத்தம் தளர்ந்ததும் என்ன ஆனது என்பதையும் சொல்லவேண்டும். 2012-இல் வந்த கிண்டில் பேப்பர்வைட்டில் ஒலி வசதியே இல்லை. நூலகங்கள் மறுக்கும்போது சந்தை திருந்துகிறது, தலையாட்டும்போது பழைய இடத்துக்கே திரும்புகிறது. கிடைப்பதை வாங்குவதைத் தவிர நமக்கு வழியில்லை என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

அப்படியானால் கருவியே வேண்டாமா? வேண்டும், ஆனால் நான்கு நிபந்தனைகளோடு. ஒன்று, அதில் ஏற்றும் ஒவ்வொரு நூலின் கோப்பும் பூட்டில்லாமல் நூலகத்தின் சொந்தக் கணினியில் இருக்கவேண்டும். இரண்டு, பார்வையற்ற மாணவர் பிறர் உதவியின்றித் தொடக்கம் முதல் இறுதிவரை அதை இயக்க முடியவேண்டும். மூன்று, எந்தக் கடையின் கணக்கோடும் அது இணைந்திருக்கக் கூடாது. திரும்பி வந்ததும் வாசகரின் தடம் முழுவதும் அழிய வேண்டும். நான்கு, முதல் ரூபாய் நூலுக்கு, அடுத்த ரூபாய்தான் கருவிக்கு.

நான்காவது நிபந்தனையை நிறைவேற்றத் தமிழ்நாட்டுக்கு வேறு பல இடங்களில் இல்லாத வாய்ப்பு இருக்கிறது. பாரதியார் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டிருக்கின்றன; அவற்றைப் படியெடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் மதுரைத் திட்டம், சங்க நூல்கள் தொடங்கி நூற்றுக்கணக்கானவற்றை எழுத்து வடிவிலேயே தந்திருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸும் தமிழ் விக்கிமூலமும் பூட்டில்லாத நூல்களைச் சேர்த்துவருகின்றன. கருவி வாங்க ஒதுக்கும் தொகையைப் பல்கலைக்கழக நூலகங்கள், தங்கள் ஆய்வேடுகளையும் தங்கள் பதிப்புத்துறை நூல்களையும் படக்கோப்பிலிருந்து தேடக்கூடிய, பேசக்கூடிய, பெரும்பாலான கருவிகளில் திறக்கும் ஈபப் என்ற மின்னூல் வடிவக் கோப்புகளாக மாற்றச் செலவிடட்டும். மாணவர் அதைத் தம் செல்பேசியில் படிக்கலாம், கணினியில் கேட்கலாம், நூலகம் தரும் வாசிப்பானிலும் படிக்கலாம். ஒரே கோப்பு ஆயிரம் பேருக்குப் போகும். யாரும் யாருக்காகவும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.

சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் சென்னையில் நூலாக வெளியிட்டார். நூல் பயன்பாட்டுக்கு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பவைதாம் அவற்றின் தொடக்கம். அந்த 1931-ஆம் ஆண்டுப் படி ஒன்றை எடுத்துத் திறக்க இன்றைக்கும் எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். இன்று நாம் வாங்கும் நூலும் இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அப்படித் திறக்கவேண்டும்.

துணைவேந்தர்களுக்கும் நூலகக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாசிப்பான் வாங்கும் கோப்பு கையெழுத்துக்கு வரும்போது விற்பனையாளரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: உங்கள் கடை மூடினால் எங்கள் நூல் திறக்குமா? எங்கள் பார்வையற்ற மாணவர் தனியாக இதை இயக்குவாரா? எங்கள் மாணவர் படிப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? மூன்றுக்கும் எழுத்து வடிவில் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.